கியோட்டோ: நெருப்புக்கு அஞ்சும் ஊரில் ஒரு மழை நாள்

முதல் நாள், இரவு

கன்சாய் விமான நிலையத்தில் ஏறிய ஹருகா ரயில் ஒன்றேகால் மணி நேரத்தில் கியோட்டோவில் கொண்டுவந்து விட்டது. நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்கு 68 வயது. மாயவரம் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். "ஜப்பானில் நிலநடுக்கம் அதிகம், அதனால் வீடுகளை மரத்தால் கட்டுவார்கள்" என்று வருடம் தவறாமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள். எங்கே போகலாம் என்று நான் கேட்டபோது, "அந்த மரவீட்டை ஒருதரம் கண்ணால பாத்துடணும்டி" என்றாள். அதனால்தான் தோக்கியோவை விட்டுவிட்டு நேராக இங்கே வந்தோம்.

நாங்கள் வந்தது ஜூன் மாதம், மழைக்காலம். ஜப்பானியர்கள் இந்த மழையை ட்சுயு என்கிறார்கள். அதை எழுத இரண்டு எழுத்து. ஒன்று ப்ளம் பழம், இன்னொன்று மழை. ப்ளம் பழுக்கும்போது பெய்கிற மழை. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே சன்னமாகத் தூற ஆரம்பித்துவிட்டது.

தங்கியிருக்கும் விடுதி ஒரு சின்னச் சந்துக்குள் இருக்கிறது. இரண்டு பக்கமும் பழைய மரவீடுகள். அம்மா பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஒரு வீட்டின் முன்னால் போய் நின்றுவிட்டாள். மெல்லிய மரச்சட்டங்களை நெருக்கி அடித்த முகப்பு, வருடக்கணக்கில் வெயிலும் மழையும் பட்டுக் கறுத்த மரம். வாசலோரத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு வாளி, அது நிறையத் தண்ணீர். அடுத்த வீட்டிலும் ஒன்று. எதிர்வீட்டில் இரண்டு. எல்லாவற்றிலும் வெள்ளை எழுத்து. போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தேன்: தீயணைக்க.

அம்மா ஒன்றும் பேசவில்லை. குனிந்து தண்ணீரைப் பார்த்தாள், அப்புறம் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள்.

அம்மாவின் முழங்கால் மழையில் நடக்கத் தாங்காது. அதனால் நாளைக்கு ஒரு நாள் சுற்றுலா பேருந்தில் இரண்டு இடம் பதிவு செய்துவிட்டேன். நான்கு இடங்கள், நுழைவுச் சீட்டோடு சேர்த்து.

இரண்டாம் நாள்

விடியும்போதே நல்ல மழை. "ஐப்பசி அடைமழை மாதிரி பிடிச்சிருக்கு, இன்னிக்கு விடாது" என்றாள் அம்மா. அவள் சொன்னபடியேதான் ஆயிற்று, மாலை வரை விடவே இல்லை.

பேருந்து ரயில் நிலையத்தின் வடக்கு வாசலிலிருந்து புறப்பட்டது. எங்களையும் சேர்த்து இருபது பேர் இருப்போம். வழிகாட்டிப் பெண் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் குடையைப் போட்டு வைக்க ஒரு நீளமான பிளாஸ்டிக் உறை கொடுத்தார். ஜப்பானிய மொழியில் அவர் பேசுவது காதில் மாட்டிய கருவியில் ஆங்கிலத்தில் வந்தது. நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஜன்னலில் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. அம்மா முந்தானையால் துடைக்க, மறுபடி படிய, மறுபடி துடைக்க, அப்படியே ஊர் பார்த்தோம்.

794 முதல் ஆயிரம் வருடத்துக்கு மேல் இது ஜப்பானின் தலைநகர். ஆனால் 794இல் கட்டிய ஊர் இப்போது இல்லை. 1467இல் தொடங்கிப் பதினோரு வருடம் நடந்த ஓனின் உள்நாட்டுப் போரில் நகரத்தின் பெரும்பகுதி எரிந்தது. திரும்பக் கட்டினார்கள். 1788இல் ஒரு பெருந்தீ, மறுபடி பெரும்பகுதி போயிற்று. மறுபடி கட்டினார்கள். ரயில் நிலையத்துக்குத் தெற்கே தோஜி கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரம் இருக்கிறது. கிட்டத்தட்ட 55 மீட்டர், ஜப்பானின் மரக்கோபுரங்களில் இதுதான் உயரம். நான்கு முறை எரிந்து, ஐந்தாவதாக 1644இல் எழுப்பியது. ஒவ்வொரு இடத்துக்கும் வழிகாட்டி கட்டிய வருடத்தைச் சொன்ன கையோடு எரிந்த வருடத்தையும் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அம்மாவே கேட்க ஆரம்பித்துவிட்டாள்: "இது எப்ப எரிஞ்சுதாம்?"

முதல் இடம் நிஜோ கோட்டை. 1603இல் தொக்குகாவா இயேயாசு என்கிற ஷோகுன் கட்டியது. ஷோகுன் என்றால் பேரரசரின் பெயரில் நாட்டை ஆண்ட படைத்தலைவர். ஐந்தடுக்குப் பெரிய மாடம் ஒன்று இருந்திருக்கிறது. 1750இல் இடி விழுந்து எரிந்துபோனது. 1788 பெருந்தீயில் உள்கோட்டை அரண்மனையும் போய்விட்டது. நினோமாரு அரண்மனை மட்டும் தப்பியது. நாங்கள் பார்த்தது அதைத்தான்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடக்க வேண்டும். கால் வைத்ததும் பலகை கீச்சென்றது. இன்னொரு அடி, இன்னொரு கீச். உகுயிசு என்கிற பாடும் பறவையின் பெயரை இந்தத் தளத்துக்கு வைத்திருக்கிறார்கள். பலகைக்கு அடியில் இரும்புப் பிடிகள் இருக்கின்றன. மிதிக்கும்போது அவற்றில் ஆணி உரசுகிறது, சத்தம் அதிலிருந்துதான் வருகிறது. இருபது பேரும் ஒன்றாக நடந்தபோது சாயங்காலம் ஆலமரத்தில் குருவிகள் அடைகிற மாதிரி இருந்தது. வெளியே மழைச்சத்தம் வேறு. 1867இல் கடைசி ஷோகுன் ஆட்சியைப் பேரரசரிடம் திருப்பிக் கொடுக்கப்போவதாக அறிவித்தது இந்த அரண்மனையில்தான். அந்த அறையைவிட நடைபாதைதான் அம்மாவுக்குப் பிடித்திருந்தது. ஓரமாக நின்று, காலை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது கின்காகுஜி, எல்லா நாட்காட்டியிலும் வருகிற அந்தப் பொன் மாளிகை. 1397இல் ஷோகுன் யோஷிமிட்சு தனக்கென்று அமைத்த இடம், அவர் இறந்த பிறகு கோயிலானது. ஓனின் போரில் சுற்றியிருந்த கட்டடங்கள் எல்லாம் எரிந்தும் இது மட்டும் நின்றது. அப்படிப் போரையெல்லாம் தாண்டி வந்ததை 1950 ஜூலை 2ஆம் தேதி விடியற்காலையில் அந்தக் கோயிலைச் சேர்ந்த ஓர் இளம் துறவியே கொளுத்திவிட்டார். இப்போது நாம் பார்ப்பது 1955இல் திரும்பக் கட்டியது. 1987இல் இன்னும் தடிமனான தங்கத்தகடாக மாற்றி ஒட்டியிருக்கிறார்கள், சுமார் 20 கிலோ தங்கம். உச்சியில் இருந்த பழைய பீனிக்ஸ் பறவைச் சிலையை மட்டும் பழுதுபார்க்கக் கழற்றி வைத்திருந்ததால் அது தீயில் மாட்டவில்லை.

குளத்தில் மாளிகையின் நிழல் விழும் என்றுதான் எல்லோரும் படம் எடுக்க வருகிறார்கள். இன்றைக்கு நிழல் இல்லை. குளம் முழுக்கப் புள்ளி குத்தின மாதிரி மழை. முன்னால் நின்ற ஒருவர் அலுத்துக்கொண்டு கேமராவை உறைக்குள் வைத்துவிட்டார். எனக்கு அந்த ஏமாற்றமே வரவில்லை. மேகம் கவிந்த வெளிச்சத்தில் அந்தத் தங்கம் பளபளக்காமல், பூஜை அறையில் ஒற்றை விளக்கு ஏற்றின மாதிரி அடங்கி நின்றது. கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் ஒழுகி விழுந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்தபோது மனதுக்கு ஒரு நிம்மதி. எரிந்த வீடு நனைகிறதே என்ற நிம்மதி.

நுழைவுச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது சீட்டு இல்லை. வீட்டைக் காக்கச் சொல்லித் தூரிகை எழுத்தில் அச்சடித்த ஒரு நீளத் தாள், கோயில் தாயத்து மாதிரி. அம்மாவின் தாளில் ஒரு ஓரம் நனைந்துவிட்டது. கைக்குட்டையில் ஒற்றி எடுத்து, வைத்தீஸ்வரன்கோயில் விபூதிப் பொட்டலம் இருக்கும் பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

மதியச் சாப்பாடு பேருந்திலேயே. பெரும்பாலான குழம்புகளில் மீன் சாறு சேர்க்கிறார்கள், அம்மா சைவம். அதனால் கடையில் வாங்கிய சோற்று உருண்டை. நடுவில் உப்பில் ஊறிய ப்ளம் ஒன்று வைத்திருந்தது. ஒரு வாய் கடித்துவிட்டு, "நார்த்தங்காய் ஊறுகாய்டி!" என்று முகம் மலர்ந்தாள். இந்த மழைக்குப் பேர் கொடுத்த பழம் அதுதான் என்று சொன்னதும் இன்னொரு உருண்டையையும் எடுத்துக்கொண்டாள்.

பிறகு சான்ஜூசான்கென்டோ. இந்த ஊரில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். இவ்வளவு தூரம் வந்த எங்களுக்கு அங்கே கிடைத்தது நாற்பது நிமிடம். அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

வெளியே பார்த்தால் சும்மா நீளமான ஒரு கூடம். 120 மீட்டர் நீளம், நடுவில் 33 தூண் இடைவெளிகள், பேரே அதிலிருந்துதான். உள்ளே போனால் ஆளுயரத்துக்கு ஆயிரம் கன்னோன் சிலைகள் படிப்படியாக நிற்கின்றன. கன்னோன் என்பது பௌத்தர்களின் கருணைத் தெய்வமான அவலோகிதேசுவரர்தான். நடுவில் பெரியதாக ஒன்று அமர்ந்திருக்கிறது; 1254இல், தன் 82ஆவது வயதில் தன்கெய் என்கிற சிற்பி முடித்தது. மொத்தம் 1001. படம் எடுக்கக் கூடாது. மழை இருட்டில், தங்கம் மங்கிய அத்தனை முகங்களும் ஒரே நேரத்தில் நம்மைப் பார்க்கின்றன. கூட்டமாக வந்தவர்கள் ஒருவர்கூடப் பேசவில்லை.

முன்வரிசையில் 28 காவல் தெய்வங்கள். அங்கேதான் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். இறக்கை, அலகு, அந்த அலகில் வைத்து ஊதுகிற புல்லாங்குழல். "ஏய், இது நம்ம கருடாழ்வார்டி!" ஆமாம், கருடன்தான். இங்கே கருரா என்கிறார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளி இந்திரன், பிரம்மா. எலும்பும் தோலுமாக ஒரு முனிவர், வசு. இரண்டு ஓரத்திலும் காற்றுக்கும் இடிக்கும் உரிய தெய்வங்கள். இடிதெய்வம் முதுகைச் சுற்றி வளையமாக மேளங்களைக் கட்டிக்கொண்டு அடிக்கத் தயாராக நிற்கிறது. சீனா வழியாகப் பௌத்தத்தோடு கிளம்பி வந்தவர்கள் இவர்களெல்லாம். அம்மா ஒவ்வொருவராக நின்று, தெரிந்தவர்களை விசாரிப்பது போலப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கருடனுக்கு மட்டும் கை கூப்பினாள்.

1164இல் கட்டிய முதல் கூடம் 1249இல் எரிந்தது. 1266இல் திரும்பக் கட்டினார்கள். ஆயிரத்தில் 124 சிலைகள் பழைய கூடத்தைச் சேர்ந்தவை. அதாவது, எரிகிற கூடத்திலிருந்து யாரோ வெளியே தூக்கிக்கொண்டு ஓடியவை. சைப்ரஸ் மரத்துண்டுகளைச் சேர்த்து, உள்ளே குடைவாகச் செய்தவை என்பதால் தூக்க முடிந்திருக்கும். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நாற்பது கை, தலையில் பதினோரு முகம். புகையில், எதைத் தூக்குவது, எதை விடுவது?

இதை அம்மாவிடம் சொன்னேன். பேருந்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"எனக்குப் பத்துப் பன்னண்டு வயசு இருக்கும். எங்க தெரு முழுக்கக் கூரைவீடு. சித்திரை வெயில்ல ஒரு வீட்டு அடுப்புப் பொறி பறந்து, பதினோரு வீடு போச்சு. உன் பாட்டி உள்ளே ஓடினா. பித்தளைக் குடம் இருந்துது, பெட்டில நாலு நல்ல புடவை இருந்துது. வெளியே வந்தப்ப அவ கையில இருந்தது காமாட்சி விளக்கும் ரேஷன் கார்டும். ஏன்னு கேட்டா அவளுக்கே தெரியல. அதுக்கப்புறம் கோடை வந்தாலே வாசல்ல அண்டா நிறையத் தண்ணி வெச்சுடுவா. குடிக்கத் தண்ணி இல்லாட்டாலும் அந்த அண்டாவுல கை வைக்க விடமாட்டா."

அந்த விளக்கு எங்கள் வீட்டில் இருக்கிறது. அதன் கதை எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது.

கடைசி இடம் கியோமிசு-தேரா. பேருந்து கீழேயே நின்றுவிடும், மேலே ஏறித்தான் போக வேண்டும். அம்மாவால் முடியுமா என்று தயங்கினேன். "மெல்ல வரேன், நீ குடையைப் பிடி" என்றாள். 778இல் தோன்றிய கோயில். பெயருக்குத் தெளிந்த நீர் என்று பொருள். தண்ணீரைப் பெயரிலேயே வைத்திருந்தும் 1629இல் எரிந்தது. இப்போதிருக்கும் மண்டபம் 1633இல் கட்டியது. மலைச்சரிவில் 13 மீட்டர் உயரத்துக்கு மரத்தூண்களை நிறுத்தி, அதன்மேல் மேடை. மேடையைத் தாங்கும் சட்டங்களில் ஆணி கிடையாது. தூண்களைத் துளைத்துக் குறுக்குச் சட்டங்களைக் கோத்து, ஆப்பு அடித்து இறுக்கியிருக்கிறார்கள். மேலே நின்றால் கண்ணுக்கு எட்டியவரை பச்சை, அதன்மேல் பஞ்சு மாதிரி மேகம்.

ஆனால் நான் அதிக நேரம் பார்த்தது கூரையைத்தான். ஹினோகி என்கிற சைப்ரஸ் மரத்தின் பட்டையால் வேய்ந்த கூரை அது. உயிருள்ள மரத்திலிருந்து பட்டையை உரிக்கிறார்கள், மரம் சாவதில்லை; எட்டுப் பத்து வருடத்தில் பட்டை திரும்ப வளர்ந்ததும் மறுபடி உரிக்கலாம். அதை அடுக்கடுக்காக வைத்து மூங்கில் ஆணியால் அறைகிறார்கள். சமீபத்தில் புதிதாக வேய்ந்து 2020இல் முடித்தது இது. இறவாரத்தின் கனத்தைப் பார்த்தாலே எத்தனை அடுக்கு என்று மலைப்பாக இருக்கிறது. நனைந்து காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. அந்த விளிம்பிலிருந்து மழை மணிமணியாகக் கோத்த மாதிரி இறங்கியது. "கீத்து வேயறவன் பாத்தா அசந்துபோவான்" என்றாள் அம்மா.

கீழே ஒத்தோவா அருவிக்கு இறங்கும் வழியில் நிமிர்ந்து பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. தூண்களிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சட்டங்களின் முனை ஒவ்வொன்றுக்கும் மேலே குட்டிக்குட்டியாகக் கூரை வைத்திருக்கிறார்கள். மழை முனை வழியாக ஊறி மரம் உளுத்துப்போகாமல் இருக்க. அத்தனை பெரிய கட்டடத்தில், கையகல முனைக்கும் ஒரு கூரை! நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் மரத்தை வைத்துக் காப்பாற்றுவது என்றால் இப்படித்தான் காப்பாற்ற வேண்டும். பக்கத்திலேயே தீயணைப்புக் குழாய்ப் பெட்டி. 1949 ஜனவரி 26 அன்று பக்கத்து நாராவில் ஹோரியூஜி கோயிலின் பழம்பெரும் சுவரோவியங்கள் தீயில் கருகின. அந்த நாளை நினைவில் வைத்து, வருடாவருடம் நாடு முழுக்கக் கோயில்களில் தீயணைப்புப் பயிற்சி நடத்துகிறார்கள்.

அருவியில் மூன்று தாரை விழுகிறது. நீளக் கைப்பிடி போட்ட கரண்டியில் பிடித்துக் குடிக்க வேண்டும். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தைத் தலையில் தெளித்துக்கொண்டாள்.

திரும்பும்போது சன்னென்சாகா படிக்கட்டில் அம்மாவுக்குக் கால் வழுக்கிவிட்டது. நான் பிடிப்பதற்குள் படியில் உட்கார்ந்தேவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பாட்டி குடைகூட இல்லாமல் ஓடி வந்து, ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான் பிடித்துத் தூக்கினோம். நல்லவேளை, அடி இல்லை, புடவைதான் சேறு. கடைக்குள் உட்கார வைத்துச் சூடாகத் தேநீர் கொடுத்தார். இந்தப் படியில் விழுந்தவர்கள் மூன்று வருடத்துக்குள் இறந்துவிடுவார்கள் என்று இங்கே ஒரு பழைய நம்பிக்கை உண்டு. சுரைக்குடுக்கை வைத்துக்கொண்டால் தோஷம் போய்விடுமாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் விரல் நீளத்தில் ஒரு குடுக்கை வாங்கி அம்மாவின் கைப்பையில் கட்டினேன். "அழகா இருக்கு" என்றாள். காரணத்தை ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள், காலை

மழை விட்டுவிட்டது. நான் எழுந்தபோது அம்மா அறையில் இல்லை. பதறிக்கொண்டு கீழே ஓடினால், விடுதி வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். கால் வலி இல்லையாம்.

எதிர்வீட்டுப் பெரியவர் அந்தச் சிவப்பு வாளிகளோடு வெளியே நின்றிருந்தார். நேற்றைய மழையில் வாளிகள் நிரம்பி வழிந்து, மேலே இரண்டு இலை மிதந்தன. தண்ணீர்தான் நிறைய இருக்கிறதே, அப்படியே விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டையும் சாக்கடையில் கவிழ்த்தார். உள்ளே கை விட்டு, அடியில் படிந்த வண்டலைத் தேய்த்துக் கழுவினார். குழாயிலிருந்து நல்ல தண்ணீர் பிடித்து, விளிம்புக்கு நாலு விரல் கீழே நிறுத்தினார்.

"ஏன் முழுக்க ரொப்பல தெரியுமா?" என்றாள் அம்மா. "தூக்கிண்டு ஓடும்போது தளும்பக் கூடாது."

பெரியவர் எங்களைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினார். அம்மாவும் எழுந்து நின்று கை கூப்பினாள்.

பதினோரு மணிக்கு நாராவுக்கு ரயில்.